கழுத்துவரை நிறைந்த போத்தல்

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். அந்தப் போத்தலை வாகீசன் தன் கையாலேயே கழுத்துவரை நிறைத்திருந்தான். மூடிக்குக் கீழே பொலித்தீன் துண்டு வைத்து, இறுக்கித் திருகி, சீற்றுக்குப் பின்னால் பழைய ரியூப் பட்டியால் வரிந்து கட்டியிருந்தான். உள்ளே பெற்றோல் அசைவதற்கு ஒரு விரல் இடமில்லை. அப்படியிருந்தும் நாகர்கோவில் தாண்டியதிலிருந்து அவன் முதுகுக்குப் பின்னால் அது தளும்பிக்கொண்டே வந்தது. தளக். தளக். அரைவாசி தண்ணீர் உள்ள குடத்தை யாரோ இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற சத்தம்.

மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். சத்தம் நின்றது. போத்தல் கட்டினபடி கிடந்தது. கழுத்துவரை நிறைந்து, ஒரு சொட்டும் ஒழுகாமல்.

“சனியன்,” என்று போத்தலைத் திட்டிவிட்டு மறுபடி ஏறினான். இன்றைக்கு அவன் திட்டாத பொருள் உலகத்தில் இல்லை. வெயிலைத் திட்டினான். வீதியில் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிற சோளகக் காற்றைத் திட்டினான். மனைவி கஜானியை நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் கடற்கரையோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றிவிட்டவர்களை, முகம் தெரியாமலே, பரம்பரையோடு திட்டினான். காலையில் போத்தலை நிறைக்க ரியூப்பை வாயால் உறிஞ்சியபோது நாக்கில் பட்ட பெற்றோல் மத்தியானச் சோற்றுக்கும் போகாமல் தொண்டையில் நின்று எரிந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு கஜானி போன் எடுத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஸ்கூட்டி நின்றுவிட்டது.

“காத்துப் போட்டுதப்பா. பின் ரயர்.”

“பெற்றோல் இருக்கோ?”

“நீங்கள் கட்டித் தந்த போத்தில் அப்பிடியே கிடக்கு. அதை என்ன, ரயருக்குள்ளை விடுறதே?”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மீதுதான். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருசம், மூன்று பகல் மூன்று இரவு மோட்டார் சைக்கிளின் மேலேயே படுத்துக் கிடந்துவிட்டு வெறும் பெற்றோல் தாங்கியோடு கரவெட்டி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தவன் அவன். அதற்குப் பிறகு ஒரு போத்தல் கையிருப்பு இல்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டியதில்லை. அம்பனுக்கு அப்பால் பெற்றோல் செட் கிடையாது என்று கஜானியின் ஸ்கூட்டியிலும் ஒன்று வைத்துவிட்டான். பெற்றோலை யோசித்த மண்டைக்கு ஒரு பம்பை வைத்துவிடத் தோன்றவில்லை. இப்போது அவளிடம் பெற்றோல் இருக்கிறது, காற்று இல்லை. பம்பு இவன் பையில் கிடக்கிறது.

“மதகிலை இருக்கிறன். எல்லாரும் பஸ்சிலை போட்டினம். வீதியிலை ஒரு குருவியும் இல்லை. கெதியா வாங்கோ.”

“ஆரும் வந்து போத்திலைக் கேட்டால் குடுக்காதையும், என்ன?”

அவள் போனை வைத்துவிட்டாள். போன மாதம் யாரோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, “கேட்டால் எப்பிடியப்பா இல்லை எண்டிறது?” என்று அவனையே திருப்பிக் கேட்டவள். அன்றைக்கு நடந்த சண்டை அயல் முழுக்கக் கேட்டது.

தளக். தளக். வண்டி இழுக்க மறுத்தது. எதிர்க்காற்று என்றுதான் நினைத்தான். ஆனாலும் பள்ளத்தில் விழுந்தபோது பின் ஸ்பிரிங் சீற்றோடு வந்து முட்டியது. கஜானி பின்னால் இருந்து வருகிற நாட்களில் மட்டும்தான் அது அப்படி முட்டும்.

தறித்த பனை ஒன்றின் அடியில் ஓர் ஆள் நின்றார். இடுப்பில் கோடு போட்ட சாரம். கழுத்துவரை பொத்தான் பூட்டின வெள்ளைச் சேட். பக்கத்தில் வாகனம் எதுவும் இல்லை, மணலில் சில்லுத் தடமும் இல்லை. வாகீசனைக் கண்டதும் ஒரு வெறும் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தரம் ஆட்டிக் காட்டினார். வரிசையில் நின்ற வருசத்தில் அந்தச் சைகை தெரியாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. யார் அப்படிக் காட்டினாலும் நின்று, இருக்கிறதில் ஒரு மூடியாவது ஊற்றிவிட்டுத்தான் போவார்கள்.

வாகீசன் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை. “இல்லை அண்ணை. என்னட்டைக் கொஞ்சமும் இல்லை.”

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. கட்டின போத்தல் பின்னால் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அவர் கோபிக்கவில்லை. போத்தலைக் கூடப் பார்க்கவில்லை.

“பறவாயில்லைத் தம்பி,” என்றார் ஆறுதலாக. “முன்னுக்கு ஒராள் வைச்சிருக்கு.”

அரைக் கட்டை, அரை மைல்கூடப் போயிருக்கமாட்டான், எஞ்சின் இருமியது. முக்கால் தாங்கியோடு வெளிக்கிட்டவன் அவன். பெற்றோல் குழாயை றிசேவுக்குத் திருப்பினான். இன்னும் இரண்டு இருமல், பிறகு அதுவும் அடங்கியது. மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிக் காது கொடுத்துக் கேட்டான். வறண்டு கிடந்தது. ஒழுக்குத் தேடிக் குனிந்து கார்பரேற்றரிலிருந்து குழாய்வரை தடவிப் பார்த்தான். விரல் ஈரமாகவில்லை. பெற்றோல் நெடி கூட இல்லை.

“எங்கையடா போனது?” என்று வண்டியிடமே கேட்டான். அழுகை வருகிற அளவுக்கு எரிச்சல். பட்டியை அவிழ்த்துப் போத்தலைச் சரித்தான். தாங்கி மடக்கு மடக்கென்று உள்ளே இழுத்தது, ஊற்றுகிற வேகத்தைவிட வேகமாக. கையிருப்பிலும் கையிருப்பாக நாலு விரல் அளவை மிச்சம் பிடித்துக்கொண்டு மூடினான். அது அவன் பழக்கம்.

ஒரு கட்டை. முக்கால் போத்தல் கொடுத்தும் ஒரேயொரு கட்டைதான் ஓடியது. எஞ்சின் நின்ற இடத்தில் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

கோட்டுச் சாரம். வெள்ளைச் சேட். வீதியின் மற்றக் கரையில்.

அவனை முந்திக்கொண்டு ஒரு வாகனமும் போகவில்லை. இருப்பது இந்த ஒரு வீதிதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தரவை வெளி. வெறும் போத்தல் கவிழ்ந்தது. இரண்டு தரம் ஆடியது.

பிறகு அவர் வீதியைக் கடந்து வந்தார்.

தளக். தளக்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம். அந்தச் சத்தம் கையிலிருந்த போத்தலில் இருந்து வரவில்லை. அது வெறும் போத்தல். சத்தம் சேட்டுக்குள்ளே இருந்து வந்தது. வயிற்றில் இருந்து.

வாகீசனின் கை தானாக மிச்சப் போத்தலைப் பட்டியிலிருந்து உருவி நீட்டியது. இந்தா, வைத்துக்கொள், போய்விடு என்பதுபோல. அவர் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார். மூடியைத் திருகினார். அண்ணாந்தார். நாலு விரல் பெற்றோலும் தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்க உள்ளே போனது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. இருமவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்தார். களைத்து வந்தவன் மோர் குடித்த மாதிரி.

“காணாது தம்பி,” என்றார்.

போன் அடித்தது. அதை எடுக்கத்தான் ஒரு கணம் குனிந்தான். கஜானி.

“இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள்? இஞ்சை ஒரு அண்ணை வந்து நிக்கிறார், பாவம். வெறும் போத்திலைக் கவிட்டுக் கவிட்டுக் காட்டுறார்.”

நிமிர்ந்தான். முன்னால் யாரும் இல்லை. அவன் கொடுத்த போத்தல் வீதியில் காற்றுக்கு உருண்டுகொண்டிருந்தது.

“கஜானி! குடுக்காதையும்! கிட்ட எடுக்காதையும் அந்த ஆளை. ஸ்கூட்டியை விட்டிட்டு ஓடும்!”

“உங்களுக்கு எப்ப பாத்தாலும் உந்தப் பிடிவாதம்தான். மனிசன் நாக்கு வறண்டு நிக்குது. எனக்குக் காத்துத்தானே இல்லை, பெற்றோல் சும்மா தானே கிடக்கு? வந்து சண்டை பிடியுங்கோ.”

“கஜானி, நான் சொல்லுறதை…”

வைத்துவிட்டாள். அவன் திருப்பிப் போன் எடுத்தான். அடித்தது. அவள் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தான். அடிக்கவும் இல்லை.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். செருப்பு மணலில் புதைந்தது, கழற்றி எறிந்தான். பையிலிருந்து எடுத்த பம்பு கையோடு இருந்தது. ஏன் அதைக் கொண்டு ஓடுகிறான் என்று தெரியவில்லை. ரயருக்குக் காற்று அடித்துவிட்டால் எல்லாம் சரிவந்துவிடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தான். கடவுளே, அவள் கொடுத்திருக்கக் கூடாது. ஒரு தரம், இந்த ஒரு தரம் மட்டும், அவள் என் சொல்லைக் கேட்டிருக்க வேணும். வெயில் சரிந்தது. அவனுடைய நிழல் வீதியைத் தாண்டித் தரவையில் நீண்டு ஓடியது. ஒரு கட்டை. ஒன்றரைக் கட்டை.

மதகு.

ஸ்கூட்டி ஸ்ராண்டில் நின்றது. சீற் தூக்கியபடி. தாங்கி மூடி திறந்து தொங்கியது. அந்த ஆள் இல்லை. மதகுக் கட்டின் மேல் கஜானி அவனுக்கு முதுகு காட்டி இருந்தாள். நீலச் சேலை. காற்றில் பறக்கிற தலைப்பு. முதுகு நிமிர்ந்து, சுகமாக.

அப்பாடா.

“கஜானி,” என்றான் மூச்சு வாங்க. “குடுத்தனீரே?”

“ஓம்.” திரும்பாமலே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. “பாதியை எனக்கும் தந்தவர்.”

அவள் எழும்பித் திரும்பினாள். உதடு ஈரமாகப் பளபளத்தது. நாடியில் ஒரு சொட்டும் இல்லை. அவனைப் பார்த்துச் சிரித்தாள். பத்து வருசமாக அவன் அறிந்த அதே சிரிப்பு.

“சரியான தாகமப்பா,” என்றாள்.

ஓர் அடி வைத்தாள். தளக்.

இன்னும் ஓர் அடி. தளக்.

பம்பு அவன் கையிலிருந்து நழுவியது. கஜானி கையிலிருந்த வெறும் போத்தலை உயர்த்தி, அவனுக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு தரம் ஆட்டிக் காட்டினாள்.