பக்தவத்சலம் எந்த வார்டில்?

குழந்தைகள் வார்டில் ஏழாம் நம்பர் கட்டிலுக்கு வந்த முதல் நாளே ஜெயப்பிரியாவுக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது.

சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்திருந்தாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இரு பாப்பா, ஊசி போட வேண்டா வருவாங்க" என்றார் ஜெனிட்டா சிஸ்டர்.

ஜெயப்பிரியா விழித்தாள். "வேண்டாமா? அப்புறம் எதுக்கு சிஸ்டர் வராங்க?"

ஜெனிட்டா சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "அவங்க பேரே வேண்டாதாம்மா!"

வேண்டா சிஸ்டர் வந்தார். ஊசியும் வந்தது. ஜெயப்பிரியா போட்ட கூச்சலில் எதிர்க் கட்டில் பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

இரண்டாவது குழப்பம் பக்கத்துக் கட்டிலில் இருந்தது. அவள் பெயர் சிநேகா. வயது ஐந்து. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடற்கரையோரம் வீடு. அடுப்பிலிருந்த வெந்நீர் சரிந்து இடது கையெல்லாம் வெந்துபோயிருந்தது. காலையும் மாலையும் யாராவது ஒரு சிஸ்டர் அவளைக் கடைசியில் இருக்கும் அறைக்கு அழைத்துப்போய், பழைய கட்டைப் பிரித்து, மருந்து போட்டுப் புதுக் கட்டு கட்டுவார்.

"உசிரே போற மாதிரி எரியும். என்னால பாக்க முடியாது" என்று சொல்லி, சிநேகாவின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்.

ஆனால் சிநேகா அழுவதே இல்லை! நேரமானதும் தானே கட்டிலிலிருந்து குதித்து, "போலாம் சிஸ்டர்!" என்று திருவிழாவுக்குப் போவது போலக் கிளம்பினாள். திரும்பி வரும்போது கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"உள்ள இன்னா பண்றாங்க?" என்று ஜெயப்பிரியா கேட்டாள்.

"சொல்ல மாட்டேன். அந்த ரூம்ல மட்டும்தான் பேசணும்னு சிஸ்டர் சொல்லிச்சு" என்று சொல்லிவிட்டு சிநேகா போர்வைக்குள் புகுந்துகொண்டாள்.

மூன்றாவது குழப்பம்தான் பெரியது.

தினமும் மதியம் ஜெனிட்டா சிஸ்டர் வேலை முடிந்து கிளம்புவார். வேண்டா சிஸ்டர் வருவார். இருவரும் ஜெயப்பிரியாவின் கட்டிலுக்கு அருகே இருந்த மேசையில் ஒரு நோட்டை விரித்துக்கொண்டு, யாருக்கு எப்படி இருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

"மூணாம் பெட்டு, ஜுரம் விட்டுடுச்சு. ஏழாம் பெட்டு, கால் வீக்கம் கொறஞ்சுகினு வருது. நல்லா சாப்புடுது."

'அது நான்தான்' என்று ஜெயப்பிரியா பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது ஜெனிட்டா சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பக்தவத்சலம் பாலத்துக்கு அடியில மாட்டிக்கினாரு. முதுகுல அடி. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்புடல."

"ஐயோ, பாவம்!" என்றார் வேண்டா சிஸ்டர். "கோவளம் எப்ப போய்ச் சேருவாரு?"

"சேரவே கூடாது! பாப்பா வூட்டுக்குப் போற வரைக்கும் இழுத்துகினே இருக்கணும்."

ஜெயப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதுகில் அடிபட்ட ஒரு மனிதர் இரண்டு நாளாகப் பட்டினி. அவரை ஊருக்குப் போகவே விடக்கூடாதாம்! இவ்வளவு நல்ல சிஸ்டர்களா இப்படிப் பேசுகிறார்கள்?

மாலையில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, பெரியவங்க வார்டுல பக்தவத்சலம்னு ஒருத்தர் இருக்காரா பாரு. அவருக்கு ரெண்டு இட்லி குடுத்துட்டு வா."

"யாருடி அது?"

"பாவம்மா அவரு. போம்மா."

அம்மா இட்லிப் பொட்டலத்தோடு மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு மூச்சு வாங்க வந்தார். "லட்சுமணன் இருக்காரு. திருவேங்கடம் இருக்காரு. பக்தவத்சலம்னு யாருமே இல்லடி! எல்லாரும் என்னை ஒரு மாதிரியா பாக்குறாங்க."

யாருமே இல்லையா? அப்படியென்றால் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் மதியம் ஜெயப்பிரியா கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தாள்.

"பக்தவத்சலம் எப்படி இருக்காரு?" என்றார் வேண்டா சிஸ்டர்.

"போலீஸ்காரரு வந்துட்டாரு. அவரு பக்கவாட்டுலதான் நடப்பாரு, மறந்துடாத. நாளைக்கு அவரு கையாலதான் கயிறை அறுக்கணும்."

பக்கவாட்டில் நடக்கிற போலீஸ்காரரா? ஜெயப்பிரியாவுக்குத் தலை சுற்றியது. கால் உடைந்தால் மூளையும் குழம்புமோ?

நான்காம் நாள் காலையில் வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் ஒன்று சாலையில் கவிழ்ந்துவிட்டதாம். வார்டிலிருந்த ஜெனிட்டா சிஸ்டர் கீழே ஓடினார். மதியம் வர வேண்டிய வேண்டா சிஸ்டரும் செய்தி கேட்டு வீட்டிலிருந்து நேராக அங்கே போய்விட்டாராம்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேறு வார்டிலிருந்து ஆல்வின் என்ற நர்ஸ் வந்தார். ஆண் என்பதால் எல்லோரும் அவரை 'பிரதர்' என்று கூப்பிட்டார்கள். நோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, எல்லோருக்கும் சரியான மருந்தைக் கொடுத்தார். பிறகு சிநேகாவைக் கடைசி அறைக்கு அழைத்துப்போனார்.

இரண்டே நிமிடம்தான். உள்ளேயிருந்து வீல் என்று ஒரு அலறல்!

வெளியே பெஞ்சிலிருந்த சிநேகாவின் அம்மாவும் சேர்ந்து அழுதார். ஆல்வின் பிரதர் சிநேகாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கட்டு பாதி பிரிந்திருந்தது. பிரதரின் நெற்றியெல்லாம் வியர்வை.

"உப்புத்தண்ணி ஊத்தி ஊற வெச்சி மெதுவாத்தான் எடுக்கறேன் பாப்பா. ஆடாம இருந்தாத்தான் வலிக்காது. இப்படியே விட்டா புண்ணு சீழ் வெச்சிடும்மா" என்று கெஞ்சினார்.

சிநேகா தேம்பினாள். "பக்தவத்சலம் எங்க? அவரு வந்தாத்தான் நான் வருவேன்!"

"அது யாரு? உங்க அப்பாவா?"

"இல்ல!"

பிரதர் நோட்டைப் புரட்டினார். பக்தவத்சலம் எதிலுமே இல்லை. இப்போது வார்டில் குழம்பிப்போனவர்கள் இரண்டு பேர்.

"சிநேகா, பக்தவத்சலம்னா யாரு?" என்று ஜெயப்பிரியா கேட்டாள். "எங்கம்மா அவரை மாடி மாடியா தேடுனாங்க!"

சிநேகா மூக்கை உறிஞ்சினாள். சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, "ஆமை" என்றாள்.

"இன்னாது?"

"கடல் ஆமை. சிஸ்டருங்க சொல்ற கதையில வரும். வலையில மாட்டிக்கிச்சு. நண்டு போலீஸ் வந்துச்சு. அப்புறம் இன்னா ஆச்சுன்னு இந்த அண்ணனுக்குத் தெரியல!"

ஜெயப்பிரியா வாயைப் பிளந்தாள். பாலத்துக்கு அடியில்... முதுகில் அடி... பக்கவாட்டில் நடக்கும் போலீஸ்! அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அதற்குள் சிநேகாவின் கையைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

"பிரதர், அப்புறம் இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியும். என்னையும் அந்த ரூமுக்குக் கூட்டினு போங்க."

பிரதர் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். பிறகு அவளை மெல்லத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, காலை நீட்டி வைத்து, முகத்தில் மாஸ்க் மாட்டிவிட்டார்.

அறையில் மருந்து வாடை அடித்தது. பிரதர் துணியின் மேல் உப்புத்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தார். சிநேகா உதட்டைக் கடித்தாள்.

"நண்டு போலீஸ் பக்கவாட்டுல நடந்து வந்தாரா?" என்றாள் ஜெயப்பிரியா. "வந்து, 'யார்யா இங்க வலைய போட்டது?'ன்னு கத்துனாரு."

"அப்புறம்?"

"கையால கயிறை அறுத்தாரு. நறுக்! ஒரு கயிறு. நறுக்! ரெண்டாவது கயிறு."

ஒவ்வொரு 'நறுக்'குக்கும் பிரதர் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். பத்தாவது நறுக்கில் பக்தவத்சலம் விடுதலை ஆகிவிட்டார். ஆனால் துணி இன்னும் பாதி ஒட்டியிருந்தது!

ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். கோவளத்துக்கும் போகவிடக் கூடாது. சிநேகாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அவரு... முதுகு வலிக்குதுன்னு... பஸ் ஏறிட்டாரு!"

சிநேகாவின் கண்ணீர் அப்படியே நின்றது. "ஆமை எப்படி பஸ் ஏறும்?"

"கண்டக்டர் தூக்கி விட்டாரு."

"அவரு முதுகு அகலம். ரெண்டு சீட்டு வேணும்னு கண்டக்டர் சண்டை போட்டாரு" என்றார் பிரதர், தலையை நிமிர்த்தாமலே.

சிநேகா கிளுகிளுவென்று சிரித்தாள். "எந்த ஊரு பஸ்ஸு?"

ஜெயப்பிரியாவுக்கு அந்த நேரத்தில் வேறு ஊரே நினைவுக்கு வரவில்லை. "செங்கல்பட்டு" என்று சொல்லிவிட்டாள்.

"என்னப் பாக்கவா வராரு?"

ஜெயப்பிரியா பிரதரைப் பார்த்தாள். பிரதர் ஜெயப்பிரியாவைப் பார்த்தார். "ஆமா" என்றார்கள் இருவரும். புதுக் கட்டின் கடைசி முடிச்சும் விழுந்தது.

சாயங்காலம் ஜெனிட்டா சிஸ்டரும் வேண்டா சிஸ்டரும் சோர்ந்துபோய் மேலே வந்தார்கள். வேனில் வந்த பதினோரு பேரும் பிழைத்துக்கொண்டார்களாம். உட்காரக்கூட இல்லை, ஜெனிட்டா சிஸ்டர் கேட்டுவிட்டார். "ஆல்வின், பாப்பாவுக்குக் கட்டு? ஐயோ, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லாம போயிட்டேனே!"

"ரெண்டு வேளையும் ஆச்சு சிஸ்டர். ஏழாம் பெட்டுதான் உதவி பண்ணுச்சு" என்றார் பிரதர்.

சிநேகா தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெயப்பிரியா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பஸ்ஸுல ஏத்திட்டியா?" வேண்டா சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்கயா வராரு? எப்போ?"

"நாளைக்குக் காலையில."

"வார்டுல ஒரு பெட்டுகூட காலி இல்லியே! அவரை எங்க படுக்க வெக்கிறது?" என்றார் ஜெனிட்டா சிஸ்டர். மூன்று நர்ஸுகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விழித்தார்கள்.

இந்தத் தடவை ஜெயப்பிரியாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை.

"நாற்காலியை இப்படி இழுத்துப் போடுங்க சிஸ்டர்" என்றாள். "நான் சொல்றேன்."