இரண்டு எட்டு குறைந்த வீடு

எங்கள் தெரு இப்போது ஒரு மைதானம். கேட்பதற்கு ஜாலியாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை.

கோட்டாறு மார்க்கெட்டுக்குப் பின்னால் வண்டிப்பேட்டைத் தெரு என்று ஒன்று இருந்தது. மொத்தம் இருபத்தோரு வீடுகள். மார்க்கெட்டையும் தெருவையும் இடித்துவிட்டுப் பெரிய கடை வளாகம் கட்டப் போகிறார்கள் என்றார்கள். ஆளுக்கொரு பக்கமாக வாடகை வீடு பார்த்துப் போனோம். ஆகஸ்டிலேயே இடித்து முடித்துவிட்டார்கள். கட்டும் வேலை டிசம்பர் இருபத்தாறாம் தேதிதான் தொடங்குமாம்.

அதுவரை இடத்தைச் சும்மா விடுவார்களா? காலையில் நடைப்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாம். சாயங்காலம் பெரிய அண்ணன்மார்களின் ஷட்டில். ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் குடிலுக்குக் கம்புகூட நட்டுவிட்டார்கள்.

எல்லாருக்கும் அங்கே ஏதோ ஒரு வேலை இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. எங்கள் புது வீடு மாடியில் இருக்கிறது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார்கள். அப்பா மினி லாரி ஓட்டப் போய்விடுவார். அம்மா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக மைதானத்துக்கு வந்து, பலகை போட்டு மூடிய எங்கள் தெருக் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்துகொள்வேன்.

உட்கார்ந்து நந்தனாவை நினைப்பேன். அவள் என் பக்கத்து வீடு. நான் குளச்சலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்பா நாராயணபெருமாள் மாமாவின் நம்பருக்குப் போன் போட்டால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லுவாள். அந்தப் பெண்ணின் குரல் எனக்கு மனப்பாடம். நந்தனாவின் குரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டே வந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் ஷட்டில் கோர்ட்டுக்குக் கோடு போட்டது போக ஒரு வாளி சுண்ணாம்புத் தூள் மிச்சம் கிடந்தது. காவல்காரர் ஏசுஅடிமை அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, இத நான் எடுக்கட்டா?"

"என்னத்துக்கு மக்களே?"

"எங்க தெருவக் கெட்டணும்."

அவர் சிரித்தார். "கெட்டு, கெட்டு. எனக்கும் ஒரு ரூம் போட்டு வையி."

எந்த வீடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு கிணறு. கிணற்றிலிருந்து தன் வீட்டுக்கு எத்தனை எட்டு என்று தண்ணீர் சுமந்த எல்லாருக்கும் கணக்கு உண்டு. எங்கள் வீடு முப்பத்திரண்டு. நந்தனா வீடு முப்பத்தாறு. எட்டு வைத்து எண்ணி எண்ணிக் கோடு போட்டேன். வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டேன். மூன்று நாளில் இருபத்தோரு வீடும் வந்துவிட்டன.

பிறகு எங்கள் வீட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். அழுகைதான் வந்தது. பக்கத்து வீட்டில் ஆள் இல்லாமல் இது என்ன வீடு?

நான்காம் நாள் எலிசா மாமி வந்தார். தெருவின் கடைசி வீட்டுக்காரர். மீன் வாங்கிக்கொண்டு அந்த வழியாகப் போனவர், பையோடு உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏட்டி பிரிஜா! எனக்க வீடு எங்க?"

"அங்கன பாருங்க மாமி, கடைசியில."

"அய்யோ! பாதி வீடு ஓடைக்குள்ள கிடக்கே! நான் என்ன தவளையாட்டி?"

"எட்டு எண்ணித்தான் போட்டேன் மாமி."

"இடுப்புல குடம் வச்சிருந்தியா?"

"இல்ல."

"அதான பாத்தேன்! வெறுங்கைய வீசிட்டு நடந்தா எட்டு நீளும்லா? தண்ணிக் குடத்தோட நடந்த எட்டுல்லா நம்ம எட்டு!"

மாமி மீன் பையை என்னிடம் தந்தார். ஏசுஅடிமை அண்ணனின் குடத்தில் தண்ணீர் நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார். ஷட்டில் அண்ணன்மார்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மாமி சொன்னது சரிதான். வீடு ஓடையை விட்டுக் கரையேறிவிட்டது.

அவர் போய் யார் யாரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் முத்துக்கனி அக்கா சொந்தக் குடத்தோடு வந்தார். அவர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறார். நந்தனா வீட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு.

"எலிசா மாமி எட்டு எனக்கு ஆகாது. அவிய காலு நீளம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் மைதானத்தில் ஒன்பது குடம்! என் சுவர், உன் சுவர் என்று ஒரே சண்டை. சண்டை போட்டவர்களே ஒன்றாகச் சாயா குடித்தார்கள். யாரோ தன் வீட்டுக்குள் கம்பு நட்டு ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினார். பிறகு எல்லா வீட்டிலும் ஸ்டார். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கரோல் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக வருவதாகவும் முடிவானது.

வந்தவர்கள் எல்லாரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். "நந்தனா எங்க இருக்கா?"

ஒருவர் தக்கலை என்றார். இன்னொருவர் வள்ளியூர் என்றார். உண்மையில் யாருக்குமே தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்றபோது முன்னைவிட அதிகமாகத் தனியாக இருந்தது.

அன்று தேதி இருபது. இருபத்தாறாம் தேதி குழி தோண்ட வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நந்தனா என்னைத் தேடி எந்த இடத்துக்கு வருவாள்?

கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து யோசித்தேன். இவர்கள் எல்லாரும் நான் கூப்பிட்டா வந்தார்கள்? இல்லையே. தங்கள் வீடு தப்பாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தானே ஓடி வந்தார்கள்!

எழுந்து போய், நந்தனா வீட்டுக்கும் முத்துக்கனி அக்கா வீட்டுக்கும் நடுவில் இருந்த கோட்டைக் காலால் அழித்தேன். நந்தனா வீட்டுக்குள் இரண்டு எட்டு தள்ளிப் புதுக்கோடு போட்டேன்.

மறுநாள் முத்துக்கனி அக்கா வந்து கண்ணை விரித்தார். "ஏட்டி, எனக்க வீடு வளந்திருக்கே!"

"ஆமாக்கா. சரியாத்தான இருக்கு?"

"ரொம்பச் சரி! அந்தக் காலத்துலயே நான் சொன்னேன், யாரு கேட்டா?"

சந்தோஷமாகப் பூ விற்கப் போனார். காலையில் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால், மத்தியானத்துக்குள் வடசேரியிலிருந்து கிளம்பும் எல்லா பஸ்ஸுக்கும் தெரிந்துவிடும்.

இருபத்தொன்று. நந்தனா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. இருபத்திரண்டு. வரவில்லை. இருபத்துமூன்றும் போனது. சொந்தக் கூட்டுக்காரியின் வீட்டிலேயே இரண்டு எட்டு திருடிவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஸ்டார்கள் எரிந்தன. கரோல்காரர்கள் டிரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மைதானத்து வாசல் பக்கம் ஒரு சத்தம்.

"யாருவே எனக்க வீட்டுல ரெண்டு எட்டு வெட்டுனது? மார்த்தாண்டம் பஸ்ஸுல கண்டக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்!"

நாராயணபெருமாள் மாமா! முத்துக்கனி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் நடுவில் ஓடினேன்.

"நான்தான் மாமா வெட்டுனேன். நீங்க வரணும்னு."

மாமா என்னையே பார்த்தார். "அதுக்கு ரெண்டு எட்டாட்டி? ஒரு எட்டு வெட்டியிருந்தாலும் வந்திருப்பேனே!"

அவர் முதுகுக்குப் பின்னால் நந்தனா நின்றாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். நேராகப் போய்த் தன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, எங்க வீட்டுக்கு முன்வாசலே காணல்லியே! அடுக்களை வாசல் மட்டும் போட்டிருக்க?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மற்ற இருபது வீட்டுக்கும் முன்வாசல் விட்டிருந்தேன். இந்த வீட்டுக்கு மட்டும் விடவில்லை.

"நான் ஒரு நாளும் அது வழியா வந்ததில்லல்லா" என்றேன்.

நந்தனா அடுக்களை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டாள். நானும் அதன் பக்கத்தில் என் செருப்பைக் கழற்றினேன்.

இரண்டு பேரும் உள்ளே போனோம்.