பச்சை நூல் போட்ட ஜாக்கெட்

வெயிலில் கம்பியில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதும் இசக்கிதுரையின் தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. மேல்துணி தொட்டால் சுடுகிறது. உள்ளே மட்டும் ஒரு வாளித் தண்ணீரின் கனம். மோந்து பார்த்தான். ஆற்று வாடை இல்லை, நோயாளி கிடந்த மெத்தையின் வாடை. "பையா, வேற குடு" என்று கைடிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அதை அவன் மனைவி ஷாலினி வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

"இதுவா கனம்? பூ மாதிரில்லா இருக்கு."

கல்யாணமாகி வந்ததிலிருந்து தாராவிச் சந்தையும் சயான் ஸ்டேஷனும் தவிர வேறெதையும் பார்க்காதவள். அவள் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மலைக்காட்டு ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி. நீச்சல் தெரியாதவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்! காலையில் மேலே அணையைத் திறப்பார்கள், அந்தத் தண்ணீரில்தான் படகு போகும். மூடிவிட்டால் ஆறு கணுக்காலுக்கு வற்றிவிடும்.

இரு கரையிலும் மூங்கில் கவிந்து, வெளிச்சம் பச்சையாகக் கசிந்து, அழுகிய இலையின் மணத்தோடு எங்கோ முன்னால் பாறையில் அடிபடும் தண்ணீரின் இரைச்சல் வளர்ந்துகொண்டே வந்தபோதுதான், படகில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளின் முதுகை அவன் சரியாகப் பார்த்தான். வார் சேரும் இடத்தில் பச்சை நூலில் இரட்டைக் குறுக்குத் தையல். அவன் கைத் தையல்.

பட்டறை முதலாளி முகைதீன் பாய் கொண்டுவந்த ஆர்டர் அது. "சினிமா ஷூட்டிங்குக்குடே. பாக்க ஜோரா இருந்தாப் போதும்" என்றார். பை தைக்கிறவன்தானே, புடைப்பாகத் தெரிய எதையாவது அடைத்துப் பழக்கம். பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடந்த ஆஸ்பத்திரி மெத்தைகளைக் கிழித்து, கறை படிந்த ஸ்பாஞ்சைத் துண்டு போட்டு அடைத்தான். ஷூட்டிங் முடிந்தபின் அது யார் கழுத்துக்குப் போகும் என்று எந்த மடையன் யோசித்தான்?

"ஏட்டி, அதைக் கழத்து."

"எதை?"

"ஜாக்கெட்டை. நான் தச்சது. உள்ள ஸ்பாஞ்சு, தண்ணியக் குடிக்கும்."

ஷாலினி சிரித்தாள். "உங்களுக்குப் பயம்னா சொல்லுங்க. எம்மேல ஏன் போடுதீய?"

"ஜாக்கெட் மத் உதாரோ!" என்று பின்னாலிருந்து கைடு அதட்டினான். கழற்றக் கூடாதாம். கழற்றினாலும் நீச்சல் தெரியாது. கழற்றாவிட்டால் கல்லைக் கட்டிய மாதிரி. அணை மூடுகிற வரைக்கும் இவளைப் பிடித்துக்கொண்டால் போதும், அதுவரைக்கும் மட்டும் என்று இசக்கிதுரை அவள் வாரைச் சுருட்டிப் பிடித்தான். விரல்களில் ஈரம் பட்டது. இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படகுக்குள் தெறிக்கவில்லை.

"ஏங்க," என்றாள் ஷாலினி மெதுவாக. "யாரோ இறுக்கிக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு."

படகு கவிழ்ந்தது.

இரைச்சல். நுரை. பாறை. வாரை அவன் விடவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தது, விடவில்லை. இருவரையும் ஆறு இரண்டு பாறைகளின் நடுவே செருகியது. அவன் தலை வெளியே இருந்தது. அவளுடையது உள்ளே.

பிறகு தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அணையை மூடிவிட்டார்கள். மார்பு. இடுப்பு. முழங்கால். பிழைத்துவிட்டோம் என்று அழுதே விட்டான்.

கல் தெரிந்தது. மணல் தெரிந்தது.

ஷாலினி தண்ணீர் வடிந்த பாறைமேல் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. அவளைத் தூக்க முடியவில்லை. ஜாக்கெட்டின் கழுத்திலிருந்து தண்ணீர் ஊறி, ஏறி, அவள் வாயையும் மூக்கையும் மூடி நின்றது. வழித்தான். மறுபடி ஏறியது. வழித்தான். ஏறியது.

கைடு ஓடி வந்தான். பார்த்தான். நின்றுவிட்டான்.

பக்கிள் திறக்கவில்லை. இசக்கிதுரை குனிந்து பச்சை நூலைப் பல்லால் கடித்தான். எந்தக் கனத்துக்கும் அறாத தையல் என்று முகைதீன் பாய் மெச்சிய தையல். ஈறு கிழிந்தது. கடித்தான். ஒரு இழை விட்டது. இன்னொன்று.

துணி பிளந்தது. உள்ளே கறை படிந்த ஸ்பாஞ்சுத் துண்டுகள். சுருங்கின. விரிந்தன. சுருங்கின. நிதானமாக, ஆழமாக, எல்லாம் ஒன்றுபோல மூச்சு வாங்கின.

ஷாலினியின் நெஞ்சு அசையவில்லை.