இரண்டாவது பஞ்சு

மூக்கில் அடைத்தது இரண்டு பஞ்சு. வெளியே வந்தது ஒன்றுதான்.

மெத்தைக்காரருக்கு அது பெரிதாகப் படவில்லை. பழைய மெத்தையைப் பிரித்து உதறும்போது கிளம்பும் தூசிக்கு, கைக்கு எட்டிய குவியலிலிருந்தே துளிப் பஞ்சைக் கிள்ளி, எச்சில் தொட்டு உருட்டி மூக்கில் செருகிக்கொள்வது அவருடைய இருபது வருஷப் பழக்கம். தும்மலில் தெறித்திருக்கும் என்று விட்டுவிட்டார். அன்றைக்குப் பிரித்தது, நெடுநாள் படுக்கையில் கிடந்து செத்துப்போன ஒரு கிழவரின் மெத்தை. நடுவில் பழுப்பேறிப் பிசுபிசுத்துக் கிடந்ததோடு மொத்தத்தையும் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை. ஓரத்துப் பஞ்சைப் பிய்த்தெடுத்து மகளுக்கு ஒரு தலையணை தைத்துவிட்டார்.

பத்தாம் நாள் வலது கன்னம் கனத்தது. சளி அந்தப் பக்கம் மட்டும் ஒழுகியது. முதலில் மஞ்சள், பிறகு பச்சை, பிறகு ரத்தக்கோடு ஓடிய பழுப்பு. தொண்டைக்குள் இறங்குவதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் கூசி, சாப்பாட்டில், சட்டையில், மனைவியின் கூந்தலில்கூட ஏதோ அழுகிய நாற்றம் அடிக்க, அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. "ஒரே பக்கம் நாறுது, ரத்தம் வருது, கண்ணு வேற வீங்குது. இது சாதாரண சளி இல்லைங்க. இருபது நிமிஷம் அழுத்திப் பிடிச்சும் ரத்தம் நிக்கலேன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், ஆமா."

"சும்மா பயமுறுத்தாதே. நாளைக்குப் போறேன்."

ஆஸ்பத்திரி என்றாலே அவருக்கு எட்டிக்காய்.

மறுநாள் மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது ரத்தம் கொட்டியது. குனிந்து மூக்கை இறுக்கிப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம். இருபது. நிற்கவில்லை.

பிடியை விட்டார். விரலில் ஏதோ இழை தட்டியது. இழுத்தார்.

பஞ்சு. சளியில் ஊறிய பஞ்சு. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. ஒரு முழம். இரண்டு முழம். மடியில் கொழகொழவென்று குவிந்தது. நடுநடுவே நரைமுடி. அவருடையது அல்ல.

இழை சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"நானே கூப்பிட இருந்தேங்க. பாப்பாவை ஸ்கூல்ல இருந்து அனுப்பிட்டாங்க. மூக்குல ரத்தமாம். உள்ளே வெள்ளையா, நூல் மாதிரி என்னவோ தெரியுது. இருங்க, இழுத்துப் பாக்கறேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை. பஞ்சுதான் வந்தது.