வெள்ளித்தாளுக்குள் ஒரு பொட்டு

ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததும் வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்துக்குப் புகாரோடு வந்தாள். கையில் ஐஸ் பெட்டி. அதற்குள் வெள்ளித்தாள் சுற்றிய ஒரு சின்னக் குப்பி.

"பிரேம்குமார் இதக் கெடுத்துட்டாரு சார். காலேஜ் லேப்ல எனக்குப் பக்கத்து மேசை. லீவுல சாவி அவருகிட்டதான் இருந்துச்சு."

"என்னம்மா இது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் லிங்கேஸ்வரன்.

"ஆன்டிபாடி. நம்ம ரத்தத்துல கொல்லி செல்னு ஒண்ணு இருக்கு. புற்று செல்லைக் கண்டா அதுவே கொன்னுரும். அந்தக் கொல்லி செல்மேல இருக்கிற ஏற்பிங்கிற புரதத்தைத் தேடிப் பிடிச்சு இது ஒளிரும். லீவுக்கு முன்ன ஒளிர்ந்துச்சு. இப்ப இல்ல. இது இல்லாம என் ஆராய்ச்சி முடியாது."

"பொறாமை சார்," என்றான் கான்ஸ்டபிள் பால்பாண்டி. "போய் அள்ளிட்டு வந்துரட்டா?"

"செத்த நேரம் இருலே."

ஆய்வகத்தில் கதவு, குளிர்பெட்டி, நுண்ணோக்கி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பால்பாண்டி பூட்டை மோந்துகூடப் பார்த்தான். லிங்கேஸ்வரன் மேசைகளை மட்டும் பார்த்தார். வெங்கடேஸ்வரியின் நாற்காலிக்கும் பொட்டு இருந்தது. பருத்தி விதை ஆராயும் பிரேம்குமாரின் தராசுக்கு இல்லை.

"நீ கெடுத்தியா?" என்று அவர் கேட்டதற்கு, "நான் எதையும் கெடுக்கல சார்," என்றான் பிரேம்குமார்.

லிங்கேஸ்வரன் குப்பியை எடுத்தார். "தாளைப் பிரிக்கலாமாம்மா?"

"வெளிச்சம் பட்டா இதுல இருக்கிற சாயம் செத்துரும். அதுக்குத்தான் தாள். இனி என்ன, பிரிங்க."

தாளின் வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. உள்ளே, குப்பியின் மேல், காய்ந்த குங்குமப் பொட்டு.

"இதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன். ரூம் பூராவும் பொட்டுதான சார். கண்டுக்கல."

"தாளைப் பிரிச்சாத்தான் உள்ள பொட்டு வைக்க முடியும். கெடுக்க வந்தவன் பொட்டு வைக்க மாட்டான்."

"அப்ப யாரு சார்?" என்றான் பால்பாண்டி.

"சொந்தத் தராசை மறந்துட்டு, பக்கத்து நாற்காலி வரைக்கும் பொட்டு வச்சவரு."

பிரேம்குமார் தலை குனிந்தான். "அவங்க பூஜைக்குச் சொந்த ஊரு தேவதானத்துக்குப் போயிட்டாங்க. அவங்க ஆயுதம் இதுதான சார். தாளைச் சுத்தி சாமி முன்னால வைக்க மனசு வரல. ஐஸ்லதான் வச்சேன். சாயந்தரம் வரைக்கும், ஜன்னலோரம்."

"வெயில்லயா?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"பருத்தி விதைக்கு வெயில் நல்லதுதான?"

பால்பாண்டி சிரிப்பை அடக்க இருமினான்.

"ஏன் சொல்லல?" என்றார் லிங்கேஸ்வரன்.

"நீங்க கெடுத்தியான்னுதான கேட்டீங்க. பொட்டு வச்சியான்னு கேட்கலையே."

வெங்கடேஸ்வரி புகாரை மடித்துப் பைக்குள் வைத்தாள். "புதுசு வர மாசமாகும். எங்க கைடுகிட்ட நீங்களே வந்து சொல்லி, எனக்கு அவகாசம் வாங்கித் தரணும்."

"வாரேன்."

"அடுத்த வருசம் தாளுக்கு மேலயே வைங்க."

வெளியே தூறல். ராஜபாளையம் வீட்டுக்குக் கிளம்பிய லிங்கேஸ்வரனிடம் பால்பாண்டி ஹெல்மெட்டை நீட்டினான். "உள்ள என்னமோ செவப்பா ஒட்டியிருக்கு சார். தொடைக்கட்டா?"

இந்த வருடம் அவர் வீட்டில் பூஜை இல்லை. வெளியே வைத்தால் மழையில் போய்விடும் என்று போன வருடம் பொட்டை உள்ளே வைத்த மனைவி, இப்போது இல்லை.

"வேண்டாம்லே," என்று வாங்கி மாட்டிக்கொண்டார்.