கோப்னெட் வைத்த முட்டை

மாலக்கியின் கோழிகளை நரி தூக்கிப் போய் வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் அன்று சாயங்காலம் மாட்டுக்காகப் புல் போருக்குள் கையை விட்டவனுக்கு, ஈரப் புல்லின் புளித்த வாடைக்கு நடுவே, உருண்டையாக, வெதுவெதுப்பாக ஒரு முட்டை தட்டுப்பட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பகையாளி கேடு நினைத்து ஒளித்து வைத்த முட்டையை வெறுங்கையால் தொடக்கூடாது, மண்வெட்டியில் அள்ளி நெருப்பில் போட்டுப் புனித நீர் தெளிக்க வேண்டும் என்பது கெர்ரி மலைப்பக்கம் பால் மணம் மாறாத பிள்ளைக்கும் தெரியும். அவன் தொட்டுவிட்டான்.

யார் வைத்தது என்று யோசிக்கவே தேவையில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைக் கோயில் கல்லறையில் சேர்க்கமாட்டார்கள்; ஊர்க்கோடி மேட்டில் இருட்டோடு இருட்டாகப் புதைப்பார்கள். அந்த மேட்டையும் உருளைக்கிழங்கு போட உழுதுவிட்டான் இந்தப் பேராசைக்கார மாலக்கி. ஏரில் இடறியதெல்லாம் கல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து வீட்டுக் கோப்னெட்டின் பிள்ளையும் அங்கேதான் கிடந்தது.

வேலிக்கு அப்பால் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"வெச்சத எடுத்துடு கோப்னெட். நுவாலா மாசமா இருக்கா. எது செய்யறதுன்னாலும் என்னைச் செய்."

"என் புள்ள மேல ஏர் ஓட்டுனப்ப இந்தப் புத்தி எங்கடா போச்சு?" அவள் சிரித்தாள். "ஒண்ணுதான் வெச்சேன்னு நெனச்சியா? போ, போய் உன் பொண்டாட்டியப் பாரு."

மாலக்கி சேறு தெறிக்க ஓடினான். வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது, நுவாலாவைக் காணவில்லை. ஏதோ சொட்டும் சத்தம். இல்லை, சொட்டவில்லை. கொத்துகிறது. டொக். டொக். மாட்டுக் கொட்டிலிலிருந்து.

"நுவாலா?"

"மெதுவா வாங்க," என்றாள் உள்ளேயிருந்து. "பயந்துக்கப் போகுதுங்க."

பசு மூலையில் ஒடுங்கி நடுங்கியது. நுவாலா காய்ந்த புல்லில் கால் மடித்து உட்கார்ந்திருந்தாள். காலையில் குனிய முடியாமல் கனத்திருந்த அவள் வயிறு தட்டையாக இருந்தது. மடி நிறைய முட்டைகள். அந்த மேட்டு மண் அப்பியவை. அசைந்தன. அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"இத்தனையும் நம்ம புள்ளைங்கதான்," என்றாள்.

அவன் கிட்டப் போய்க் குனிந்ததும் ஓர் ஓடு விரிந்தது. உள்ளிருந்து சின்னஞ்சிறு கை ஒன்று நீண்டு, அவன் விரலை இறுகப் பற்றிக்கொண்டது. மற்ற ஓடுகளும் விரியத் தொடங்கின.