மச்சாதுவின் வலது முழங்கால்

மச்சாது எந்தப் பக்கம் பாய்வான் என்று அவனுடைய வலது முழங்காலுக்கே தெரியாது. அதனால்தான் முப்பத்தாறு வயதிலும் தூத்துக்குடி அணி அவனைக் கழற்றிவிடவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் கண்ணாடியில் தெரிந்துவிடுவார்கள். முன்னுணரி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒருவன் காலை எடுத்து வைக்குமுன் தொடைத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பைப் படித்து, அவன் போகப்போகும் பக்கத்தை மூக்குக்கண்ணாடியில் பச்சை அம்பாகக் காட்டும் கருவி. முதலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு என்றார்கள். மறுமாதமே கடைக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். விலை படியாததுபோல் நாலு எட்டு நடந்து, கூப்பிடுவார்களா என்று காதைப் பின்னாலேயே விட்டுவைக்கும் வித்தை அத்தோடு செத்தது.

அமெரிக்கக் கால்பந்தையும் அது விடவில்லை. பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பது கையில். எறிபவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் சுவராக நிற்பார்கள். அந்தச் சுவரை உடைத்து உள்ளே போய் எறிபவனைச் சாய்ப்பது மச்சாதுவின் பிழைப்பு. தலைக்கவசத்தில் முன்னுணரி ஏறியபின், பாய்கிறவன் பாயுமுன்பே சுவர் அந்தப் பக்கம் தடித்துவிடும். அவனோடு சேர்ந்த சுவர் உடைப்பவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். மச்சாதுவைப் பார்த்தால் மட்டும் அம்பு இரண்டு பக்கமும் மாறி மாறி மின்னியது. தேய்ந்த மூட்டு, ஊன்றினால் நிற்கலாம், வழுக்கலாம். எதிராளி திகைக்கும் அரை நொடியில் அவன் நொண்டிக்கொண்டே உள்ளே போய்விடுவான்.

புதுக் குருத்தெலும்பு வைப்பது ஒரு நாள் வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வலது முழங்காலுக்குச் சிகிச்சை கூடாது. ஆறு வருஷமாக மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினான். மாதா கோயிலில் ஊரே முழந்தாளிடும்போது அவன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் தரகர் சுயம்பு அண்ணாச்சியைக் கூட்டிப்போனான். மூன்று தலைமுறையாக வத்தல் மண்டியில் தரகு பேசிய குடும்பம்.

"இன்னும் மூணு வருஷம் ஆடட்டும், அப்புறம் ரிப்பேர் பண்ணிக்கிடட்டும்" என்றார் அணி மேலாளர் ராஜசிங், கண்ணாடியைத் துடைத்து மாட்டியபடி.

"மூணு வருஷம் கழிஞ்சு ரிப்பேர் பண்ண அங்க என்ன இருக்கும், சட்னியா?" என்றார் அண்ணாச்சி. "இந்த சீசன் முடிஞ்சதும் ஆப்பரேஷன். இல்லைன்னா நாங்க கெளம்புதோம்."

"கெளம்புங்க." ராஜசிங் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "உங்க கால் எந்திரிக்கவே நெனைக்கலையே அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போனது. மூன்று தலைமுறை வித்தையும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது.

மச்சாது எழுந்தான். அலுத்துவிட்டது, வேறு திட்டம் எதுவும் இல்லை. கதவுவரை போய்க் கைப்பிடியைப் பற்றியவன் அப்படியே நின்றான்.

ராஜசிங்கின் கண்ணாடியில் அம்பு துடித்தது. வாசல், அறை, வாசல், அறை.

"போறியா, இருக்கியா?"

"தெரியல சார்."

"நெசத்தைச் சொல்லுப்பா."

"நெசமாத்தான் சார். கால் வலிக்கு."

ராஜசிங் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். மனிதர் கண்ணாடி இல்லாமல் யாரிடமும் பேரம் பேசி வருஷக்கணக்காகிவிட்டது.

"சரி, இந்த ஒரு சீசன். அப்புறம் ஆப்பரேஷன். எழுதித் தாரேன், வந்து உக்காரு."

திரும்பும் வழியில் காருக்குள் அண்ணாச்சி அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தக் காலைப் போயா சரி பண்ணப் போற?"

"ஆமா."

"சரி பண்ணினா உன்னை ஒருத்தனும் வச்சுக்கிட மாட்டான்."

"தெரியும் அண்ணாச்சி. முழந்தாளு போடணும்."

"எங்க அப்பாவுக்கு இப்படி ஒரு காலு இருந்திருந்தா பாதி மண்டி எங்களுதுடே" என்றார் அண்ணாச்சி.

சீசன் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனான். கூடத்தில் விளையாட்டுச் சட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர், கல்தூண் மாதிரிக் கால்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சாது கடைசியில் போய் உட்கார்ந்தான்.

நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "சரி பண்ணவா? அது மாடியில. இது நல்ல மூட்டைத் தேய வைக்கிற வரிசை."

அப்போதுதான் பக்கத்து நாற்காலியைக் கவனித்தான். சுயம்பு அண்ணாச்சி.

"எனக்குத் துணைக்கு வந்தியளோ?"

அண்ணாச்சி கையிலிருந்த டோக்கனைத் துண்டுக்குள் சொருகினார். "லேசாத்தான்டே தேய்க்கச் சொல்லியிருக்கேன். மண்டி வாசல் வரைக்கும் நடக்கணும்லா."

மச்சாது மாடிப்படியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட்டான். எழவே மனம் வரவில்லை. பூசை முடிந்து கோயில் காலியாகும்வரை அப்படியே இருந்தான். பிறகு மீன் கடைக்குப் போனான். மீன்காரி மூக்கில் முன்னுணரி. ஒரு சீலா மீனுக்கு அவள் ஒரு விலை சொல்ல, இவன் பாதி கேட்டான்.

"கட்டாதுண்ணே."

மச்சாது திரும்பி நடந்தான். வலியில்லாத இரண்டு கால், நேரான நடை, நிஜமாகவே போகிறவனைப் போன்ற நடை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. யாரும் கூப்பிடவில்லை. எதிரே சுயம்பு அண்ணாச்சி நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் மட்டும் மூன்று கடைக்காரிகள், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று விலையைக் குறைத்துக்கொண்டே கூவினார்கள்.

மச்சாது ஐந்தாவது எட்டு வைக்காமல் திரும்பி வந்தான். மீன் துண்டு போட்டுப் பொட்டலமாகியிருந்தது.

"நீங்க அந்தப் பக்கம் நடக்கும்போதே அம்பு இந்தப் பக்கம் காட்டிட்டு, வெட்டிட்டேண்ணே" என்றாள் மீன்காரி. "நல்ல காலு உங்களுக்கு."